மூணாம் நம்பர் பாட்டியும் முப்பத்தாறு மின்ஸ் பையும்

ரொம்ப நாளா ஆளைக் காணோமேன்னு நீங்க யாரும் தேடியிருக்க மாட்டீங்க, தெரியும். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பொட்டி தட்டுறவன் பொழப்பு அப்படி. இன்னிக்கு எழுதப் போறது சாப்பாட்டு மேட்டர். அதனால பசியோட இருக்கறவங்க ஒரு தட்டுல எதையாவது எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க.

இங்கிலாந்துல கிறிஸ்துமஸ் எந்த மாசம் வரும்? டிசம்பர்னு சொன்னா நீங்க இன்னும் ஊருக்குப் புதுசு. செப்டம்பர்ல வரும். வெயில் காலம் முழுசா முடியறதுக்குள்ள சூப்பர் மார்க்கெட் வாசல்ல மின்ஸ் பை பெட்டிகளை அடுக்கிடுவாங்க. அதுல சில பெட்டியைத் திருப்பிப் பாத்தீங்கன்னா, சாப்பிட வேண்டிய கடைசித் தேதி நவம்பரோட முடிஞ்சிருக்கும். கிறிஸ்துமஸ் பலகாரம், ஆனா கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்காது. இதைக் கிண்டல் பண்ணி வருஷா வருஷம் பேப்பர்ல நியூஸ் வரும், வருஷா வருஷம் இவங்களும் வாங்குவாங்க.

மின்ஸ் பைனா என்னன்னு தெரியாத மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நம்ம சோமாசியை எண்ணெய்ல பொரிக்காம, வட்டமாக்கி, அலுமினியக் கிண்ணத்துல உக்கார வெச்சு அவன்ல சுட்டா எப்படி இருக்கும்? அதான். உள்ளங்கைல அடங்கற சைஸ். அடியில மாவு, மேல மாவு மூடி, நடுவுல பூரணம். பூரணத்துல தேங்காய் கிடையாது, பொட்டுக்கடலை கிடையாது. கிஸ்மிஸ், கறுப்பு திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், நிறைய சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, பல சமயம் கொஞ்சம் பிராந்தி. இந்தப் பூரணத்துக்குப் பேரு மின்ஸ்மீட். மீட்டுன்னு பேரு, மீட்டு இருக்காது.

ஒரு காலத்துல நிஜமாவே இருந்துச்சு. 1615ல ஜெர்வாஸ் மார்க்கம்னு ஒருத்தர் எழுதின வீட்டுக் குறிப்புப் புஸ்தகத்துல, ஆட்டுத் தொடைக் கறியைக் கொத்தி, அதோட திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடச் சொல்றார். சாமுவேல் பீப்ஸ்னு லண்டன்ல டைரி எழுதினாரே, நம்ம எல்லாருக்கும் முன்னோடி (தினமும் எழுதினார், பின்னூட்டம் பத்திக் கவலையே படலை), அவர் 1666 கிறிஸ்துமஸ் அன்னிக்கு எழுதறார்: வேலைக்காரப் பொண்ணுங்க மின்ஸ் பை செய்யறதை மேற்பார்வை பாத்துக்கிட்டு மனைவி காலைல நாலு மணி வரைக்கும் முழிச்சிருந்தா, இப்போ தூங்கறா, நான் மட்டும் எழுந்தேன்னு. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி நம்ம வீட்டு அடுப்படி ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கறி வெளிய போயிடுச்சு. 1861ல வந்த மிஸஸ் பீட்டன் புஸ்தகத்துல ரெண்டு மாதிரியும் இருக்கு, மாட்டுக்கறி போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு. கறி போனாலும் அதோட கூடப் பொறந்த கொழுப்பு மட்டும் தங்கிடுச்சு. சூயட்னு சொல்வாங்க. மாட்டோட சிறுநீரகத்தைச் சுத்தி இருக்கற கெட்டிக் கொழுப்பு. ஆட்டோரான்னு ஒரு கம்பெனி 1893ல இருந்து அதைத் துருவிப் பாக்கெட்ல போட்டு விக்குது. ஸ்பானிஷ்ல காளைக்கு டோரோன்னு பேராம், அதுல இருந்து ஆட்டோரா. நம்ம ஆளுங்க ஒண்ணும் தெரியாம கிறிஸ்துமஸ் பார்ட்டில எடுத்து வாய்ல போடற வஸ்துவுக்குப் பின்னாடி காளை நிக்குது பாருங்க.

ஆனா பயப்படாதீங்க. கடையில விக்கற மின்ஸ் பைல பெரும்பாலும் வெஜிடபிள் சூயட்தான். பாமாயில், சூரியகாந்தி எண்ணெயைக் கெட்டியாக்கி, ஒட்டாம இருக்க மாவு தூவி, அரிசி மணி மாதிரி பண்ணியிருப்பாங்க. பெட்டியில வெஜிடேரியன்னு போட்டிருக்கும். போடலைன்னா வாங்காதீங்க, அவ்ளோதான்.

எனக்கு இதெல்லாம் ஏன் தெரியும்? நாங்க திருநெல்வேலி சைவம். நான் முட்டை போட்ட கேக் வரைக்கும் இறங்கி வந்துட்டேன், அம்மா அதுவும் கிடையாது. தங்கமணி மட்டும் பறக்கறதுல ஏரோப்ளேனையும், ஓடறதுல ரயிலையும் விட்டு வெச்ச கட்சி. 2024 அக்டோபர்ல ஆறு மாச விசால அம்மா லீட்ஸ் வந்தாங்க. வந்த முதல் வாரமே கடையில அந்தப் பெட்டியை எடுத்துப் பாத்துட்டு, "ஏல, மின்ஸ்னா கொத்துக்கறிலா? அதுல எதுக்கு நட்சத்திரம் ஒட்டியிருக்காவ?"ன்னு கேட்டாங்க. அம்மா இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. பால், கோதுமை, முட்டை மாதிரி ஒவ்வாமை தர்ற சாமானை எல்லாம் தடிமனான எழுத்து மாதிரி தனியாத் தெரியற விதத்துல போடணும்னு இங்க சட்டம் இருக்குன்னு சொல்லிக் கொடுத்தேன். அதுல இருந்து அம்மா கடைக்கு வந்தா ஒவ்வொரு பெட்டியா எடுத்து தடி எழுத்தைத் தேடுவாங்க. ரேஷன் கடை இன்ஸ்பெக்டர் தோத்துடுவார்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நாங்க குடியிருக்கறது ஹெடிங்லி பக்கம். ஆமா, அந்த கிரிக்கெட் கிரவுண்ட் ஹெடிங்லிதான். செங்கல் வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரயில் பெட்டி மாதிரி நிக்கும். எங்களுது அஞ்சாம் நம்பர், பக்கத்துல மூணாம் நம்பர் (ஒரு பக்கம் ஒத்தைப்படை, எதிர்ப்பக்கம் ரெட்டைப்படை, குழப்பிக்காதீங்க). மூணாம் நம்பர்ல ஒரு பாட்டி. எண்பது தாண்டினவங்க. பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு சமைக்கற வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டுக்காரர் இல்லை. பையன் ஆஸ்திரேலியால. ஊரு வழக்கப்படி யாரைப் பாத்தாலும் "லவ்"னுதான் கூப்பிடுவாங்க. பஸ் டிரைவரும் லவ், பால்காரரும் லவ், நானும் லவ். முதல் தடவை தங்கமணி முன்னாடி கூப்பிட்டப்போ எனக்குக் கொஞ்சம் கிறுகிறுன்னு வந்துச்சு.

2021 டிசம்பர், நாங்க வந்த முதல் வருஷம். கதவைத் தட்டி, "நீங்க கறி சாப்பிடுவீங்களா லவ்?"னு கேட்டாங்க. நான் இல்லை, அவ சாப்பிடுவான்னு சொன்னேன். "பிராந்தி?" அதுவும் வேணாம். சரின்னு போயிட்டாங்க. 24ஆம் தேதி சாயங்காலம் ஒரு பழைய பிஸ்கட் டின்னோட வந்தாங்க. உள்ள ரெண்டு அடுக்கு. நடுவுல பட்டர் பேப்பர். கீழ் அடுக்குல முழு மூடி போட்ட பை, அது தங்கமணிக்கு. கசாப்புக் கடையில சொல்லி வாங்கின சூயட், மாவுல பாதி வெண்ணெய் பாதி பன்றிக் கொழுப்பு. மேல் அடுக்குல நட்சத்திர மூடி, அது எனக்கு. வெஜிடபிள் சூயட், முழு வெண்ணெய், பிராந்திக்குப் பதிலா ஆரஞ்சு ஜூஸ். ஒரே ஒருத்தனுக்காகத் தனிப் பாத்திரத்துல தனிப் பூரணம் கிளறியிருக்காங்க. நம்ம கல்யாண வீட்டுல கூட பத்தியச் சாப்பாடு கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க மக்களே.

2022, 2023லயும் டின் வந்துச்சு. 2024 நவம்பர்ல ஒரு நாள் குப்பைத் தொட்டியை வெளிய இழுத்து வைக்கறப்போ பாட்டியைப் பாத்தேன். கையைக் காட்டினாங்க. விரல் மூட்டெல்லாம் வீங்கி இஞ்சிக் கிழங்கு மாதிரி வளைஞ்சிருக்கு. உருட்டுக் கட்டையைப் பிடிக்க முடியலையாம். "இந்த வருஷம் பை கிடையாது லவ்"னு சொன்னாங்க. ரொம்ப சாதாரணமா, பஸ் வராதுன்னு சொல்ற மாதிரி. நான், "பரவால்ல, இந்த வருஷம் நாங்க கடையில வாங்கி உங்களுக்குத் தர்றோம்"னேன். பாட்டி என்னைப் பாத்த பார்வை இருக்கே! "கடைப் பையா? பையைத் தூக்கிப் போட்டுட்டு பெட்டியைத் தின்னலாம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இந்த ஊர்ல இத்தனை கடை, இத்தனை பெட்டி, அதுல அந்தப் பாட்டி தட்டைத் தள்ளி விடாம சாப்பிடற மாதிரி ஒண்ணு கூடவா இருக்காது? மூணு வருஷம் நட்சத்திர மூடி தின்னவனுக்கு இதைக் கண்டுபிடிக்கற கடமை உண்டா இல்லையா?

எஞ்சினியரிங் படிச்சதுக்கு எதாவது பலன் வேணும்ல, முறையா டெஸ்ட் பண்றதுன்னு முடிவு பண்ணினேன். ஆறு வகை, வகைக்கு ஆறு, மொத்தம் முப்பத்தாறு பை. ஒரு சூப்பர் மார்க்கெட்டோட அடிமட்ட விலைப் பெட்டி (பேரு வேணாம், இன்னும் அங்கதான் பால் வாங்கறேன்). ஊரெல்லாம் தெரிஞ்ச மிஸ்டர் கிப்ளிங். லிடில் கடையோட டீலக்ஸ். எம் அண்ட் எஸ்ஸோட வெண்ணெய் மாவு பை. மேல பொடி மாவு தூவி, தங்க நிற அட்டையில வந்த ஒரு விலை ஒசந்த அயிட்டம் (இதுக்கும் பேரு வேணாம், காரணம் பின்னாடி). கடைசியா கர்க்கேட் மார்க்கெட்ல ஒரு பேக்கரியில உதிரியா வாங்கினது. ரெண்டு பவுண்டுக்குக் கீழ இருந்து நாலு பவுண்டுக்கு மேல வரைக்கும் விலை.

பெட்டியைத் தூக்கி ஒளிச்சு வெச்சுட்டு தட்டுல நம்பர் போட்டு வெச்சேன். எல்லாத்தையும் அவன்ல 160 டிகிரில பத்து நிமிஷம். இது முக்கியம். ஜில்லுன்னு இருக்கற மின்ஸ் பையைத் தின்னு தீர்ப்பு சொல்றது ஆறிப்போன மசால் தோசையைத் தின்னுட்டு ஹோட்டலுக்கு மார்க் போடற மாதிரி. மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, மாவு தொளதொளன்னு ஆயிடும், அலுமினியக் கிண்ணத்தோட வெச்சீங்கன்னா தனியா வாணவேடிக்கையும் பாக்கலாம்.

நடுவர்கள்: நான், தங்கமணி, அம்மா, அப்புறம் மறுநாள் ஆபீஸ்ல எங்க டீம். அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டியே தடி எழுத்தும் பிராந்தியும் பாத்துத் தனியா பிரிச்சு வெச்சாச்சு. "மார்கழி மாசத்துல பிராந்தியா? பெருமாளே"ன்னு ஒரு தடவை சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் ரிஸ்க் எடுக்க முடியுமா?

தின்னு பாத்ததுல எனக்குப் புரிஞ்ச முதல் விஷயம், பூரணத்துல பெரிய வித்தியாசமே இல்லை. பெட்டிக்குப் பின்னாடி எது எடை அதிகமோ அதை முதல்ல எழுதணும். மலிவான பெட்டியில சர்க்கரையும் சர்க்கரைப் பாகும் முன்னாடி வந்து நிக்கும், திராட்சை வரிசையில பின்னாடி நிக்கும், ஆப்பிள் கூழ் நடுவுல ஒப்பேத்தும். விலை ஏற ஏற திராட்சை முன்னேறும். சரி. ஆனா பட்டை, கிராம்பு வாசனை எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடுது. கண்ணை மூடித் தின்னா ஆறுல நாலு ஒரே அம்மா பெத்த பிள்ளைங்க.

மாவுலதான் சூட்சுமம். வீட்டுல செய்யறப்போ மாவை உருட்டுக் கட்டையால தேய்ப்போம். ஃபேக்டரியில தேய்க்கறதில்லை, ஒரு உருண்டையைக் கிண்ணத்துல போட்டு அச்சால ஒரே அமுக்கு. அதான் அடிப்பக்கம் கனமா, ஒரே சீரா, பல்லுக்குக் கொஞ்சம் செங்கல் மாதிரி படும். அதுல என்ன கொழுப்பு போட்டிருக்காங்கங்கறது அடுத்தது. வெண்ணெய் நம்ம வாய்ச் சூட்டுலயே கரைஞ்சு போயிடும். பாமாயில் கலந்த கெட்டிக் கொழுப்புல ஒரு பகுதி அந்தச் சூட்டுக்குக் கரையாது. நாக்கு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு நிக்கும். நெய் மைசூர்பாகுக்கும் டால்டா மைசூர்பாகுக்கும் உள்ள வித்தியாசம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தத் தங்க அட்டைக்காரர் இருக்காரே, நாலு பவுண்டுக்கு மேல வாங்கினவர், மேல தூவின பொடி எல்லாம் வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி சட்டையில. பூரணத்துல ஆரஞ்சு வாசனை எண்ணெய் கொஞ்சம் தூக்கலா விழுந்து, தரை துடைக்கற லிக்விட் ஞாபகம் வந்துச்சு. தங்கமணி ஒரு வாய் தின்னுட்டு, "இதுக்கு அட்டை டிசைன் பண்ணவருக்கு மார்க் போடலாம்"னா. மார்க்கெட் பேக்கரிது நேரெதிர். மூடி கோணல், பூரணம் ஒழுகி ஓரத்துல கருகியிருக்கு, ஆனா அந்தக் கருகின ஓரம் இருக்கே, அடடா, பணியாரச் சட்டியில ஒட்டின முறுகல் மாதிரி. அதுல சூயட் என்னன்னு கடைக்காரருக்கே சரியா சொல்லத் தெரியலை, அதனால அதை தங்கமணி மட்டும்தான் தின்னா. நான் முறுகலை மோந்து பாத்ததோட சரி. ஹும்.

தீர்ப்பு என்னாச்சுன்னா, ஆளுக்கு ஒண்ணு. எனக்கு லிடில். தங்கமணிக்கு மார்க்கெட். ஆபீஸ்ல வெள்ளைக்காரப் பசங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு மிஸ்டர் கிப்ளிங்கைக் கண்டுபிடிச்சு, அதுக்கே முதல் மார்க் போட்டாங்க. ஏன்னு கேட்டா, "சின்ன வயசுல ஸ்கூல்ல இதுதான்"னாங்க. எங்க டமேஜர் ஒருத்தர், கண்டிப்பான மனுஷன், பட்ஜெட்ல பத்து பவுண்டுக்குப் பத்துக் கேள்வி கேப்பார், அதைத் தின்னுட்டு ரெண்டு நிமிஷம் அவங்க பாட்டி வீட்டுக் கதை சொன்னார். மூணு வருஷத்துல அவர் வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

அம்மா? அம்மாவுக்குப் பிடிச்சது அந்த அடிமட்ட விலைப் பெட்டி! "இதுதாம்ல நல்லா இருக்கு, நம்மூர் பேக்கரி பிஸ்கட் மாதிரி"ன்னாங்க. எனக்கு நாக்குல மெழுகு பூசின அதே கொழுப்பு, அம்மாவுக்கு டவுன்ல மாட்டுப் பொங்கலுக்கு வாங்கின ஸ்வீட் பொட்டலம். டால்டா டப்பால செடி வெச்சு வளத்த தலைமுறை, அவங்க நாக்கை நாம எப்படிக் குறை சொல்றது? ஆளாளுக்கு எந்தக் கொழுப்புல வளந்தாங்களோ அதுக்குத்தான் மார்க் போடறாங்கன்னா, பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் பாதிப் பாதி போட்டு அறுபது வருஷம் செஞ்ச பாட்டிக்கு நான் எந்தக் கடையில போய் வாங்கறது?

என் எக்செல் ஷீட்டுல இதுக்கு ஃபார்முலா இல்லை. அதனால நாலு வகையைத் தேத்தி எடுத்துக்கிட்டு 24ஆம் தேதி சாயங்காலம் மூணாம் நம்பர் கதவைத் தட்டினோம். தங்க அட்டையும் மார்க்கெட்டும் கிடையாது (மார்க்கெட் பை அதுக்குள்ள தீந்து போச்சு, குற்றவாளி யாருன்னு சொல்ல மாட்டேன், நைட்டு சோறு போடறவங்க). 25ஆம் தேதி போகலாமேன்னு அம்மா கேட்டாங்க. ஆனா எனக்கு ஒரு கணக்கு. எதுவுமே பாட்டிக்குப் பிடிக்கலைன்னா உடனே ஓடிப் போய் வேற வாங்கலாம். 25 அன்னிக்கு முடியாது. 280 சதுர மீட்டருக்கு மேல இருக்கற கடை எதுவும் கிறிஸ்துமஸ் அன்னிக்குத் திறக்கக் கூடாதுன்னு 2004ல சட்டமே போட்டிருக்காங்க. ரயில் கிடையாது, பஸ் கிட்டத்தட்ட கிடையாது. ஊரே கர்ஃப்யூ போட்ட மாதிரி இருக்கும். முதல் வருஷம் நாங்க ரெண்டு பேரும் அன்னிக்குத் தயிர் சாதமும் சிப்ஸும் தின்னோம்.

பாட்டி வீட்டுல ஹால்ல கையளவு கிறிஸ்துமஸ் மரம். டிவில ஏதோ பாட்டு. பாட்டி சேர்ல இருந்து எழுந்திரிக்காமயே அவன் எப்படிப் போடறதுன்னு எனக்கு உத்தரவு போட்டாங்க. நாலையும் சூடு பண்ணித் தட்டுல வெச்சேன். பேரு சொல்லலை. பாட்டி முதல்ல தின்னவே இல்லை. ஒவ்வொண்ணாக் கவுத்துப் போட்டு அடியைப் பாத்தாங்க. "அடி வெளுத்திருந்தா மீதியைப் பாக்கவே வேணாம் லவ்"னு ரெண்டை ஓரமா ஒதுக்கினாங்க. அதுல என்னோட லிடிலும் ஒண்ணு. எனக்கு மனசு உடைஞ்சு போச்சு. அப்புறம் கத்தி நுனியால மூடியைத் தூக்கினாங்க. மூடிக்கும் பூரணத்துக்கும் நடுவுல காத்து. பூரணம் கொதிக்கறப்போ ஆவி மூடியைத் தூக்கி விட்டுடும், அதான் மூடியில ஓட்டை போடறது. "காத்துக்கும் காசு வாங்கிட்டான்"னாங்க.

மூணாவதைக் கொஞ்சம் தின்னாங்க. மென்னுக்கிட்டே இருந்தாங்க. அந்த ரெண்டு நிமிஷம் எங்க புரொடக்ஷன் ரிலீஸ் ராத்திரியை விட மோசம் மக்களே. அப்புறம் ஃபிரிட்ஜைக் காட்டி, "வென்ஸ்லிடேல் எடு"ன்னாங்க. அது யார்க்ஷயர் பாலாடைக்கட்டி, வெள்ளையா, கொஞ்சம் புளிப்பா, பிட்டு மாதிரி உதிரும். இந்தப் பக்கத்து மனுஷங்க பழ கேக்குக்கு அதைத் தொட்டுக்குவாங்க, பாட்டி பைக்கும் தொட்டுக்கிட்டாங்க. முழுசாத் தின்னாங்க. ஓரத்துல கூட மிச்சம் வைக்கலை. "இது எங்க வாங்கினே?"

எம் அண்ட் எஸ்னு சொன்னேன். பாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே. அந்தக் கம்பெனி பொறந்ததே லீட்ஸ்ல, கர்க்கேட் மார்க்கெட்ல 1884ல மைக்கேல் மார்க்ஸ் போட்ட ஒரு பென்னிக் கடையா. பாட்டிக்கு அது பணக்காரங்க கடை, தன் காசு போட்டு அங்க சாப்பாட்டுச் சாமான் வாங்கினதே இல்லையாம். "மார்க்கெட்ல தள்ளுவண்டி மாதிரி ஆரம்பிச்சவன், வெண்ணெயை மறக்கலை போலிருக்கு"ன்னாங்க. உடனே, "உப்பு பத்தலை. பூரணத்துல கொஞ்சம் புளிப்பு ஆப்பிள் துருவிப் போட்டிருக்கணும்"னு சேத்துக்கிட்டாங்க. மார்க் எவ்வளவுன்னு கேட்டேன். பத்துக்கு ஆறு. என் லிடிலுக்கு நாலு. மத்ததுக்கெல்லாம் மார்க்கே போடலை.

இதுக்கு நடுவுல அம்மா பாட்டியோட கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. அம்மா மெதுவா போய்ப் பக்கத்துல உக்காந்து, "ரொம்ப வலிக்கோ?"ன்னு தமிழ்லயே கேட்டு, அவங்க விரலைப் பிடிச்சு நீவி விட ஆரம்பிச்சாங்க. பாட்டி இங்கிலீஷ்ல ஏதோ சொன்னாங்க, அம்மா தமிழ்ல பதில் சொன்னாங்க. மொழிபெயர்க்கட்டுமான்னு கேட்டேன், ரெண்டு பேருமே கண்டுக்கலை. நான் போய்த் தட்டைக் கழுவினேன்.

கிளம்பறப்போ பாட்டி என்னைக் கூப்பிட்டாங்க. ஏதோ உருக்கமா சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன். "27ஆம் தேதி காலைல அந்தக் கடைக்குப் போ. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்குத் தள்ளுவான். அதே பை, இருக்கறதை எல்லாம் வாங்கிட்டு வா. ஃப்ரீசர்ல போட்டா மாசக் கணக்கா இருக்கும். முழு விலை குடுத்து வாங்கினே, பாத்துக்கோ"ன்னாங்க. யார்க்ஷயர்க்காரங்க காசு விஷயத்துல எப்படின்னு கேள்விப்பட்டிருக்கேன், அன்னிக்கு நேர்ல பாத்தேன். எங்க அம்மாவுக்கு இதை மட்டும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "வெவரமான பொம்பளை"ன்னு பாராட்டு.

27ஆம் தேதி போனேன். மஞ்சள் ஸ்டிக்கர் நிஜமாவே இருந்துச்சு. ஏழு பெட்டி. பாட்டி ஃப்ரீசர் சின்னது, நாலுதான் கொள்ளும். மீதி மூணு எங்க வீட்டுல, அம்மா துருவி வெச்சிருந்த தேங்காய்ப் பொட்டலத்துக்கும் உறைஞ்சு போன வெண்டைக்காய்க்கும் நடுவுல. 2025 ஜனவரில இருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அம்மா ரெண்டு பையை சூடு பண்ணி எடுத்துக்கிட்டு மூணாம் நம்பருக்குப் போயிடுவாங்க. வெண்ணெய் பை பாட்டிக்கு. தனக்கு மட்டும் அந்த மலிவுப் பெட்டி, அதையும் நாலு வாங்கி வெச்சிருந்தாங்க, தனியா கணக்கு. ஏப்ரல்ல அம்மா ஊருக்குக் கிளம்பற வரைக்கும் இது நடந்துச்சு.

அம்மா போனப்புறம் எங்க ஃப்ரீசர்ல ஒரு பெட்டி மிச்சம் இருந்துச்சு. அதை ஞாயித்துக்கிழமை நான் எடுத்துக்கிட்டுப் போனேன். பாட்டி அடியைத் திருப்பிப் பாத்துட்டு, "உங்க அம்மா இன்னும் ரெண்டு நிமிஷம் கூட விடுவாங்க"ன்னாங்க.

டிஸ்கி: மலிவுப் பெட்டியும் தங்க அட்டையும் எந்தக் கடைன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். புளிப்பு ஆப்பிள் விஷயம் மட்டும் ட்ரை பண்ணிப் பாருங்க: மூடியைக் கத்தியால நெம்பித் தூக்கிட்டு, அரை ஸ்பூன் துருவின ஆப்பிள், ஒரு சிட்டிகை உப்பு, திரும்ப மூடி அவன்ல பத்து நிமிஷம். பன்னெண்டு வெச்சாலும் தப்பில்லையாம்.